ஓடும்போதே நின்றுபோகும் பழைய மாருதி 800: காரணத்தைப் பிடிப்பது எப்படி

பழைய கார்புரேட்டர் வண்டி (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்புரேட்டர்) வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று ஆஃப் ஆகும், ஓரம் கட்டி கொஞ்ச நேரம் விட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் நிற்காது. மெக்கானிக் பாவம் என்ன செய்வார், பிளக்கை மாற்றுவார், ஃபில்டரை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார், பிறகு காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட் கரண்டைத் தரும் பாகம்), பிறகு பெட்ரோல் பம்ப். பாதி வண்டியை மாற்றிய பிறகும் அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில்தான் காரணம் கையில் கிடைக்கும். சூடேறிய காயில் செத்துப் போனாலும், பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துக்கொண்டாலும், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும், இருபது நிமிடம் கழிந்தால் மூன்றுமே தானாகச் சரியாகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு பெரிய கைகாரர் வந்தாலும் ஊகம்தான் செய்ய முடியும். ஆகவே வண்டி நின்றதும் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்து எப்படியாவது வீடு போய்ச் சேரலாம் என்று பார்க்காமல், அந்த ஐந்து நிமிடத்தைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கார்புரேட்டர் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய வண்டி. ஓம்னியிலும் இதே 796 சிசி என்ஜின்தான் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஜிப்ஸி, பத்மினி, அம்பாசிடர் பெட்ரோல் எதுவானாலும் சோதிக்கும் முறை இதேதான், பாகம் இருக்கும் இடம்தான் மாறும். 2000 வாக்கில் வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகளை (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) பற்றி கடைசிக்கு முன்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

நிற்கும்போது செய்ய வேண்டியது

என்ஜின் ஆஃப் ஆனதும் ஸ்டீயரிங்கை விடாதீர்கள், சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடாதீர்கள். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும், ஓடும் வண்டியில் அதைவிட ஆபத்து வேறில்லை. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி என்றால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பழைய மென்மை இருக்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகும். பிரேக் வேலை செய்யும், ஆனால் பலமாக மிதிக்க வேண்டும். அதனால் சும்மா சும்மா மிதித்து மிதித்து விடாமல், ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஹசார்ட் லைட்டைப் போடுங்கள், முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டால் 1033-க்கு அழைத்துவிட்டு எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்கி ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். வளைவிலோ பாலத்தின் மேலோ நின்றால் சோதனையெல்லாம் வேண்டாம், உயிர்தான் முக்கியம்.

பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் கீழே நான் சொல்லும் ஸ்பார்க் சோதனை எதையும் செய்யாதீர்கள். சாவியை ஆஃப் செய்து, முதலில் எங்கே ஒழுகுகிறது என்று மட்டும் பாருங்கள்.

எப்படி நின்றது என்பதே பாதி பதில்

ஸ்விட்சைத் தட்டி லைட்டை அணைத்த மாதிரி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம், அதாவது காயில், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் ஸ்விட்ச்), இக்னிஷன் வயரிங். அதற்கு மாறாக முதலில் பிக்கப் குறைந்து, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இழுக்காமல், ஜெர்க் அடித்து ஜெர்க் அடித்து நின்றால் பெட்ரோல் பக்கம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சின்னக் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை என்ஜின் முக்கி முக்கி ஓடும், அதனால்தான் அந்தத் தயக்கம்.

சத்தத்தையும் கவனியுங்கள். நிற்பதற்கு முன்னால் சைலன்சரில் டப் டப்பென்று வெடித்தால் ஸ்பார்க் விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் இல்லாத நேரத்தில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்ச் சேர்கிறது, ஸ்பார்க் திரும்பி வந்ததும் அங்கே போய் வெடிக்கிறது. கார்புரேட்டர் பக்கம் தும்மல் மாதிரி கேட்டால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

கையால் இழுக்கும் சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) உள்ள வண்டியில் இன்னொரு வசதி உண்டு. வண்டி தடுமாறத் தொடங்கிய உடனே, சாலை காலியாக இருந்தால், சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். உடனே என்ஜின் தெளிந்து ஓடினால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்று உள்ளே புகுகிறது. சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் பெட்ரோல் குறைவு இல்லை, வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது, ஆனால் யாரும் செய்வதில்லை.

எல்பிஜி கிட் போட்ட வண்டி என்றால் இதைவிட நல்ல சோதனை கையிலேயே இருக்கிறது. பெட்ரோலில் நிற்கும் வண்டியை கேஸுக்கு மாற்றி அதே மாதிரி ஓட்டிப் பாருங்கள். கேஸில் நன்றாக ஓடினால் பழி முழுக்கப் பெட்ரோல் லைன் மீது, இரண்டிலும் நின்றால் ஸ்பார்க் பக்கம். பெட்ரோல் லைனில் கிட்காரர்கள் வைத்திருக்கும், கரண்டில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வையும் மறந்துவிடாதீர்கள், அது ஒட்டிக்கொண்டாலும் பெட்ரோல் வராது.

அப்புறம் சூழ்நிலை. மழையில் மட்டும் நின்றால் பிளக் வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் (காயிலின் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) மூடியும். பள்ளம் மேட்டில் மட்டும் நின்றால் பேட்டரி டெர்மினல், எர்த் (வண்டியின் உலோக உடம்போடு சேரும் இணைப்பு), இக்னிஷன் ஸ்விட்ச். ஏற்றத்திலும் நல்ல வேகத்திலும் மட்டும் என்றால் பம்ப், ஃபில்டர். சிக்னலில் காலை எடுத்ததும் நின்றால் அது தனிக் கதை, அதற்குத் தனியாக வருகிறேன். பிரேக் மிதித்தால் மட்டும் நிற்கிறதா, பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் ஓஸைப் பாருங்கள்.

அந்த ஐந்து நிமிடம்

முதலில் டேஷ்போர்டு. நின்ற பிறகு சாவியை ஆன் நிலையில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிவப்பு ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரிய வேண்டும். இரண்டுமே எரியவில்லை என்றால் காயிலையும் கார்புரேட்டரையும் தொடவே வேண்டாம், வண்டிக்கு மெயின் கரண்டே வரவில்லை. பேட்டரி டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டும்போது லைட் விட்டு விட்டு எரிந்தால் இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி, கடைச் சாவி என்று கொத்தாகத் தொங்கவிட்டால் அந்த எடை ஸ்விட்சை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும், சாவியைத் தனியாக வைப்பது நல்லது.

லைட் எரிகிறது. அப்படியானால் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டு, அடுத்து வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்று வழி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று வர வேண்டும், வராவிட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் பம்பால் இழுக்க முடியாது. காணாமல் போன மூடிக்குப் பதிலாக ஏதோ ஒரு மூடியை வாங்கி மாட்டியிருக்கும் வண்டிகளில் இதை முதலில் சந்தேகப்படலாம்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. ஏர் ஃபில்டர் டப்பாவின் மேல் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தை நேராக மேலே வைக்காமல் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், என்ஜின் ஆஃபில் இருக்கட்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கும் அந்த லீவரைக் கையால் சட்டென்று திருப்புங்கள். உள்ளே ஒரு மெல்லிய பித்தளைக் குழாயிலிருந்து பெட்ரோல் ஊசி போல ஒரு நூல் பீய்ச்சி எதிர்ச் சுவரில் படுவது தெரிய வேண்டும். சுவர் நனைந்து பளபளக்கும். இரண்டு மூன்று முறை திருப்பினாலும் நல்ல தாரையாக வந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க்கைத் தேடுங்கள். ஒன்றும் வராமல் உலர்ந்து கிடந்தாலோ, ஒரே ஒரு சொட்டு வந்து நின்றாலோ கிண்ணம் காலி, பெட்ரோல் லைனைத் தேடுங்கள். இந்தத் தாரையைத் தள்ளும் ஆக்சிலேட்டர் பம்பின் டயாபிரம் (ரப்பர் சவ்வு) கெட்டிருந்தாலும் பீய்ச்சாது என்பதால் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை செய்து பார்த்து, எப்படி வர வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில கார்புரேட்டர்களில் கிண்ணத்தின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு சிறிய கண்ணாடி இருக்கும், அதில் பெட்ரோல் மட்டம் நேரடியாகவே தெரியும்.

பெட்ரோல் வாடை இல்லை, எங்கும் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு ஸ்பார்க் பாருங்கள். இதற்காக வண்டியில் எப்போதும் ஒரு நல்ல ஸ்பேர் பிளக் கிடக்கட்டும். என்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்றக் கூடாது, கழற்றினால் அந்த ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வெளியே வரும். ஒரு சிலிண்டரின் வயரை மட்டும் உருவி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு என்ஜினில் நன்றாகத் தொடும்படி ஜம்ப் கேபிளாலோ கிளிப்பாலோ பிடித்து வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, கூட இருப்பவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சடக் சடக்கென்று நீலமாக அடித்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, சிவப்பாக, மெலிந்து வந்தாலும் அது கோளாறுதான், திறந்த வெளியில் அப்படி அடிக்கும் பிளக் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடிக்கவே அடிக்காது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் பிளக் வயரை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடித்தால், பாயிண்ட்டுக்குப் பதிலாக இருக்கும் மாட்யூலே போய்விடும், எப்போதும் எர்த்தோடு சேர்ந்த பிளக்கில்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான். பெட்ரோல் இருக்கிறதா, ஸ்பார்க் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் சூடு ஆறுவதற்குள் பதில் கிடைத்துவிட்டால் மீதியை வீட்டில் நிதானமாகச் செய்யலாம்.

ஸ்பார்க் இல்லை

காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி, அதே ஸ்பேர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். இங்கே ஸ்பார்க் வந்து, பிளக் வயரில் வரவில்லை என்றால் இடையில் இருக்கும் மூடியும், அதற்குள் சுற்றி ஒவ்வொரு வயருக்கும் கரண்டைக் கொடுக்கும் ரோட்டரும்தான். மூடியைக் கழற்றித் துடைத்து, உள்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கருப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ எர்த்துக்கோ ஓடினால் கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. அதைச் சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கரி முனை உள்ளே அழுத்தினால் ஸ்பிரிங் போல் திரும்பி வர வேண்டும். ரோட்டரின் பித்தளை நுனி எரிந்து கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், விலை அதிகமில்லாத பாகங்கள்.

மூடியைக் கழற்றியிருக்கும்போதே செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட், கேம் ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் உய்ங்கென்று சுற்றி, ரோட்டர் அசையாமல் நின்றால் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு முறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள், கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

காயிலிலிருந்தே ஸ்பார்க் இல்லை என்றால் டெஸ்ட் லைட் வேண்டும், ஒரு பக்கம் எர்த்துக்கான கிளிப்பும் மறுபக்கம் ஊசியும் உள்ள 12 வோல்ட் பல்பு. சாவி ஆனில், காயிலின் பிளஸ்ஸில் வைத்தால் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், வயரிங். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிற்பாடு வெளியே கொடுத்துப் போட்ட திருட்டு அலாரமும் சென்ட்ரல் லாக்கும். அதில் பல, இக்னிஷன் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலேயைச் செருகியிருக்கும். வருடங்கள் போனதும் அந்த ரிலேயின் காண்டாக்ட் கருகி, சூடானால் விட்டுவிடும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அது இன்னும் மோசம். டேஷ்போர்டுக்கு அடியில் கருப்பு டேப் சுற்றிய மூட்டை ஏதாவது தெரிந்தால், காயிலை மாற்றுவதற்கு முன்னால் அதை அவிழ்த்துப் பாருங்கள். அலாரம் வேண்டாம் என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அதை முழுக்க எடுத்துவிட்டு, வெட்டிய வயரைச் சால்டர் வைத்துப் பழையபடி இணைக்கச் சொல்லுங்கள்.

பிளஸ்ஸில் கரண்ட் இருக்கிறது, அடுத்தது மைனஸ். டெஸ்ட் லைட்டை மைனஸில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால் விட்டு விட்டு மின்ன வேண்டும். மின்னினால் பாயிண்ட்டோ மாட்யூலோ தன் வேலையைச் செய்கிறது, குற்றம் காயிலில். மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் அல்லது மாட்யூல், எரியாமலே இருந்தால் அவற்றோடு காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாயிண்ட் வண்டி என்றால் மூடியைத் திறந்து இரண்டு முகங்களையும் பாருங்கள். ஒன்றில் மேடும் மற்றதில் குழியுமாக, கருநீலமாக எரிந்திருந்தால், பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரும் போய்விட்டது, பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அப்படியே ஆகும். இடைவெளி 0.4-லிருந்து 0.5 மி.மீ. வரை, ஃபீலர் கேஜ் வைத்து.

சூடான காயிலைச் சந்தேகப்பட்டால் ஈரத் துணியை அதன் மேல் சுற்றி, வயர் முனைகளில் தண்ணீர் படாமல் ஆறவிடுங்கள். பெட்ரோல் பம்பைத் தொடாமல் காயிலை மட்டும் குளிரவைத்து ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. மல்டிமீட்டரில் அளப்பதானாலும் சூட்டோடு அளக்க வேண்டும், ஆறிய பிறகு நல்ல காயில் மாதிரியே காட்டும்.

பெட்ரோல் வரவில்லை

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை வரிசையாகப் போவதைவிடப் பம்பிலிருந்து தொடங்குவது சுலபம். என்ஜின் ஆறட்டும், சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோலைத் திறக்கக் கூடாது. காயிலின் நடு வயரை எர்த் செய்துவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பளிச் பளிச்சென்று பெட்ரோல் விழ வேண்டும். நன்றாக விழுந்தால் பம்ப் நலம், கார்புரேட்டர் நுழைவாயிலில் இருக்கும் சிறிய வலையும், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வும்தான் சந்தேகம். நுரையும் குமிழியுமாக வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது.

இந்தக் காற்று இழுக்கும் கோளாறு பலரை ஏமாற்றும், காரணம் அது ஒழுகாது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது, ஆகவே அங்கே ஓஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். வெளியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஓஸை விரலால் மடக்கிப் பாருங்கள், வளைவில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 1990-களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, சில ஓஸ் ஊறி மெத்தென்று ஆகும், சில உள்பக்கம் உரிந்து துகளாகப் போய் கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைக்கும். பம்ப் டயாபிரமும் அதே ரப்பர் இனம்தான். ஒருமுறை செலவு செய்து எல்லா ஓஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். ஓஸை வெட்டித் தனியாக மாட்டும்போது உள்விட்டம் சரியாக இருக்கிறதா, புதிய கிளிப்பா என்றும் பாருங்கள்.

பம்ப் துடிக்கவே இல்லை என்றால் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள், நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் போகும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பம்ப் நன்றாக இருந்தும் வரத்துக் குறைவு என்றால் டேங்க். நாள்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளில் டேங்கின் உள்பக்கம் துரு பிடித்து, அந்தச் செம்பொடி குழாயின் வாயில் சேரும். வண்டி நின்றதும் பொடி கீழே விழுந்துவிடும், பெட்ரோல் திரும்ப ஓடும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அடைக்கும். பாட்டிலில் பிடித்த பெட்ரோலை அசைக்காமல் வைத்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். செம்பொடி என்றால் துரு, அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவுக்குத் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கீழே இறங்கிவிடும், உறிஞ்சு குழாய் இருப்பதும் கீழேதான். ஃபில்டரை மட்டும் மாற்றுவது இங்கே தற்காலிகம், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

கத்திரி வெயிலில், அதிலும் நீண்ட நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு நின்றால் பெட்ரோல் ஆவியாகி லைனில் அடைத்திருக்கலாம். என்ஜினோடு ஒட்டிய பம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பம்பின் மேலும் ஓஸின் மேலும் ஈரத் துணி போட்டுச் சில நிமிடத்தில் ஓடினால் அதுதான். ஆனால் அதே வெயிலில் இத்தனை வருடம் ஓடிய வண்டி இப்போது மட்டும் ஏன் அடைக்கிறது என்று கேட்க வேண்டும். பம்புக்கு அடியில் வரும் தடித்த இன்சுலேட்டர் கட்டையைப் போடாமல் வெறும் பேக்கிங் வைத்து மாட்டியிருப்பார்கள், அல்லது ஓஸ் மாற்றியவர் சைலன்சர் பக்கமாக வளைத்துவிட்டிருப்பார், அல்லது ரிட்டர்ன் லைன் அடைத்திருக்கும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பில் இருந்தால் இது எதுவும் இல்லை, என்ஜின் ஹீட் ஆகியிருக்கிறது. ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

சிக்னலில் மட்டும் நிற்பது

வேகத்தில் நன்றாக ஓடி, காலை எடுத்தால் மட்டும் நிற்கும் வண்டிக்கு ஐடிலிங் வழி தனி. கார்புரேட்டரில் ஒற்றை வயர் போகும் சிறிய சொலினாய்டு இருக்கும், சாவியை ஆன் செய்யும்போது டிக்கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வயருக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், வயர் கழன்று கிடப்பதே வழக்கம். சொலினாய்டு நலம் என்றால் ஐடில் ஜெட். அதைக் கழற்றிக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், கம்பியோ ஊசியோ விட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு கலவை ஒருபோதும் அமையாது.

அதுவும் இல்லை என்றால் காற்றுக் கசிவு. என்ஜின் ஓடும்போது கார்புரேட்டரின் அடி பேக்கிங், பூஸ்டர் ஓஸ், மேனிஃபோல்டு இணைப்பு இவற்றின் மேல் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். எந்த இடத்தில் தெளிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அங்கே கசிவு. பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு, சூடான என்ஜினில் அது தீயை விலைக்கு வாங்குவது.

பட்டறையில் பலரும் செய்வது ஸ்லோ ஸ்குரூவைத் திருகி ஐடிலிங்கை ஏற்றிவிடுவது. வண்டி நிற்காது, உண்மைதான், ஆனால் கிளட்ச் விடும்போது துள்ளும், மைலேஜ் போகும், கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கருப்புப் புகையும் பெட்ரோல் வாடையுமாக, சூட்டில் மட்டும் சிக்னலில் நின்றால் அது நேர் எதிர்க் கோளாறு, ஊசி வால்வு தேய்ந்து கிண்ணம் நிரம்பி வழிகிறது, பிளக்கைக் கழற்றினால் மசி பிடித்து ஈரமாக இருக்கும்.

இரண்டிலும் சேராதவை

இரவில், ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஓடும்போது, முதலில் லைட் மங்கி, ஹாரன் கம்மி, அப்புறம் மிஸ்ஸிங் அடித்து நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும், 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியைத் தின்றுதான் வண்டி ஓடுகிறது.

வேகமே ஏறாமல், மூச்சடைத்து நிற்கும் வண்டியில் சைலன்சரையும் பாருங்கள். 1995 ஏப்ரலில் தொடங்கி சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர் உள்ளே நொறுங்கியிருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் திணறும். என்ஜின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கல் உருளும் சத்தம் கேட்கும்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் சோக்கும் பாயிண்ட்டும் இல்லை, ஆனால் கேள்வி அதே இரண்டுதான். சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கமிருந்து இரண்டு மூன்று விநாடிக்கு உம்மென்று பம்ப் சத்தம் வர வேண்டும், வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப். சத்தம் வந்தும் ஸ்பார்க் இல்லை என்றால் என்ஜின் சுற்றுவதைச் சொல்லும் பொசிஷன் சென்சாரைச் சந்தேகியுங்கள், அதுவும் சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும் ரகம்தான். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் வண்டியில் பதிவான கோளாறு எண்ணை ஸ்கேனரில் எடுத்துவிடுங்கள், கழற்றினால் பல வண்டிகளில் அது அழிந்துவிடும்.

கையில் அகப்படாத கோளாறு

சில வண்டிகள் ஒரு நொடி நின்று, ஐந்து நிமிடச் சோதனைக்கே இடம் கொடுக்காமல் உடனே ஓடிவிடும். அதற்கு வழி, சோதனையை வண்டியோடு கூட்டிப் போவது. காயிலின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து, நடுவில் சின்ன ஃபியூஸ் போட்டு, ஃபயர்வாலில் இருக்கும் ரப்பர் வழியாக உள்ளே கொண்டுவந்து டேஷ்போர்டின் ஓரத்தில் ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பாக மாட்டுங்கள், மறுமுனை எர்த்துக்கு. ஓட்டும்போது கண்ணில் படும், ஆனால் உறுத்தாத இடத்தில் இருக்கட்டும். வண்டி ஜெர்க் அடிக்கும் அதே நொடியில் பல்பும் அணைந்தால் ஸ்விட்ச், ரிலே, வயரிங். பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருக்க வண்டி மட்டும் செத்தால் காயிலுக்கு அந்தப் பக்கம் அல்லது பெட்ரோல். உள்ளே பார்க்க முடிகிற ஃபில்டர் ஒன்றைப் பம்புக்கு முன் மாட்டினால் பெட்ரோல் பக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு கண் கிடைத்துவிடும், அம்புக்குறி பம்பை நோக்கி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் போனில் குறித்துவையுங்கள்: கிளம்பி எவ்வளவு நேரம், எந்த கியர், ஏசி போட்டிருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை நிமிடம் கழித்து எப்படி ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக்கிடம் "அப்பப்ப நிக்குது" என்று சொல்வதற்கும், "அரை மணி நேரம் ஓடிய பிறகு நிக்குது, அப்போ ஸ்பார்க் இல்ல, பெட்ரோல் பீய்ச்சுது, கால் மணி நேரம் ஆறினா சரியாகுது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்ட நல்ல மெக்கானிக் நேராகக் காயிலுக்குப் போவார்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள், கோளாறு தொடர்ந்தால் அது நல்ல பாகம் என்று தெரிந்துவிடும். மாற்றிய பிறகு பட்டறை வாசலில் ரேஸ் செய்து பார்த்துத் திருப்தி அடையாமல், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்தில் நின்றதோ அதே நிலைமையில் அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஓட்டிப் பாருங்கள், மதியம் நின்ற வண்டியை மதியத்திலேயே.